மூன்றாம் நம்பர் துணி

எங்கள் கார் நின்ற இடத்தில் சிவப்பாகச் சொட்டு விழ ஆரம்பித்தது நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம். யாரோ வெற்றிலை போட்டுத் துப்பியிருக்கிறார்கள் என்று அப்பா முடிவு செய்து வாட்ச்மேனைக் கூப்பிட்டு விசாரித்தார். வாட்ச்மேனுக்கு வெற்றிலைப் பழக்கம் உண்டு. பாவம், இரண்டு நாள் அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் "நான் இல்லீங்க" என்று வாயைத் திறந்து காட்டிக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் அம்மா காரை நகர்த்தி வேப்ப மரத்தடியில் நிறுத்தினார். அங்கேயும் அதே சிவப்பு விழுந்தது. துப்பியது கார்தான் என்று அப்போது தெரிந்தது.

திருப்பூர் நெருப்பெரிச்சலில் எங்களுக்குச் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி. கீழே கட்டிங்கும் செக்கிங்கும், மேலே தையல், பின்பக்கம் எங்கள் வீடு. அப்போது போய்க்கொண்டிருந்த ஆர்டர் முழுக்க வெள்ளை. வெள்ளைத் துணி இருக்கும் வளாகத்தில் சிவப்பு எண்ணெய் சொட்டுவது என்றால் என்ன என்று பனியன் தொழில் செய்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு ஆள் அந்தச் சொட்டை மிதித்துவிட்டு உள்ளே வந்தால் போதும். அப்பா வாசலில் நின்று வருகிறவர் போகிறவரின் செருப்பையெல்லாம் பார்க்க ஆரம்பித்தார்.

அந்தக் கார் எங்கள் ஊரில் கொஞ்சம் பிரபலம். 'கியர் இல்லாத காரு' என்பார்கள். கியர் இருந்தது, அதுவே மாறிக்கொள்ளும், அவ்வளவுதான். கோயம்புத்தூரில் ஒரு டாக்டர் ஓட்டிக் கழித்த பழைய வண்டியை அப்பா தேடிப்பிடித்து வாங்கி வந்ததற்குக் காரணம் அம்மாவின் கால். மூன்று வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து அவருக்கு இடது கால் சூம்பிவிட்டது. தொடை வரைக்கும் காலைத் தாங்கும் இரும்புக் காலிப்பர் மாட்டித்தான் நடப்பார். மற்ற கார்களில் கிளட்சை மிதிக்க இடது கால் வேண்டும். இதில் கிளட்சே கிடையாது, வலது கால் ஒன்று போதும்.

கார் வந்த பிறகு அம்மா வீட்டில் நின்ற நேரம் குறைவு. நிட்டிங்கில் துணி ஓடிவிட்டதா, டையிங்கில் சாயம் சரியாக வந்திருக்கிறதா என்று இடத்துக்கு இடம் அவரே போய்ப் பார்த்து வருவார். போகும்போதும் வரும்போதும் பின் சீட்டில் துணி மூட்டை இருக்கும். மூட்டைகளுக்கு நடுவில் நான் இருப்பேன். மாலையில் பஸ்ஸைத் தவறவிட்ட கம்பெனிப் பெண்கள் இரண்டு மூன்று பேர் டிபன் பாக்ஸோடு என் மேல் நெருக்கிக்கொண்டு ஏறுவார்கள். பள்ளிக்கூடத்துக்கு நான் எப்போதும் கசங்கித்தான் போய்ச் சேருவேன். அந்தக் காரை எனக்குப் பிடிக்காமல் போனதற்கு இப்படி நியாயமான காரணங்கள் நிறைய இருந்தன. போதாக்குறைக்கு இப்போது அது ஒழுகவும் ஆரம்பித்திருந்தது.

ஒழுகியது கியர் எண்ணெய். தானாகக் கியர் மாறும் வண்டிகளில் அந்த எண்ணெய் ஓடி ஓடிச் சூடாகும். அதை ஆற வைப்பதற்காக ஒரு குழாய் வழியே முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்குக் கொண்டுபோய், இன்னொரு குழாய் வழியே திரும்பக் கொண்டுவருவார்கள். இரண்டும் ரப்பர் குழாய்கள். ஒவ்வொன்றும் இரண்டு முனையிலும் இரும்புக் குழாயில் செருகிக் கிளிப் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். ஆக, எண்ணெய் வெளியே வருவதற்கு வாய்ப்புள்ள இணைப்பு நான்கு.

இதைச் சரிசெய்ய முதலில் வந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. டையிங் யூனிட்டில் பிட்டர். குழாய் என்று எது இருந்தாலும் அது தன் அதிகாரத்துக்கு உட்பட்டது என்று நினைப்பவர். படுத்துப் பார்த்தார், ஒரு குழாய் காய்ந்து வெடித்திருந்தது. அதைக் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்து எறிந்துவிட்டு, டையிங்கிலிருந்து கொண்டுவந்த கறுப்புக் குழாயை வெட்டி மாட்டினார். இது காருக்கு ஆகுமா என்று அம்மா கேட்டார்.

"ஏனுங்கக்கா, சாயப் பட்டறையில கொதிக்கற தண்ணியே இதுலதான் போகுது. உங்க காரு எண்ணெய் இதை என்ன பண்ணீரப் போகுது?"

கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. திருப்பூரில் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். பத்து நாள் சொட்டு நின்றது, மாமாவுக்குக் கறி விருந்தும் நடந்தது. பதினோராம் நாள் நானும் அம்மாவும் மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் மட்டும் கத்தியது, கார் நகரவில்லை. மெல்லப் பின்னால் உருள ஆரம்பித்தது. அம்மா பிரேக்கை மிதித்துக்கொண்டு கை பிரேக்கையும் இழுத்துவிட்டார். பின்னால் நின்ற வண்டியெல்லாம் ஹாரன் அடித்தது. அம்மாவால் இறங்கித் தள்ள முடியாது, என்னால் தள்ள முடிந்தாலும் பிரயோஜனமில்லை. நாலு பேர் சேர்ந்து தள்ளி எங்களை ஓரங்கட்டினார்கள். அதில் ஒருவர், நல்ல மனதோடுதான், "உங்களுக்கு எதுக்குங்கம்மா இந்தச் சிரமம்?" என்று கேட்டார். அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

வண்டியைக் கட்டி இழுத்து வந்து மெக்கானிக்கிடம் காட்டினார்கள். எண்ணெய் ஒழுகித் தீர்ந்ததால்தான் கியர் பிடிக்கவில்லை. மறுபடி ஊற்றியதும் அது கியர் பெட்டிக்கு நேர் அடியில்தான் சொட்டியது. அவர் கீழே இருந்த கிளிப்புகளை இன்னும் இறுக்கிப் பார்த்தார், நிற்கவில்லை. கியர் பெட்டியின் சீலே போய்விட்டது, இறக்கிப் பிரித்தாலும் பழையபடி சேருமா என்று சொல்ல முடியாது என்றார். அப்பா அன்று இரவே முடிவெடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பல்லடத்திலிருந்து ஒரு ஆள் வந்து காரை எடுத்துக்கொள்வார். அதற்குப் பதில் புதிதாக ஒரு சாதாரண கார், அதை ஓட்ட ஒரு டிரைவர்.

"இனி நீ பின்னாடி சௌகரியமா உக்காந்துக்க" என்றார் அம்மாவிடம். என்னிடம், "கலரை நீயே சொல்லு கண்ணு" என்றார்.

"பின்னாடி உக்காந்து போனதெல்லாம் போதுமுங்க" என்றார் அம்மா. அப்பாவுக்கு அது கேட்கவில்லை. எனக்குக் கேட்டது, ஆனால் நான் நீலமா சிவப்பா என்ற கவலையில் இருந்தேன்.

அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். மேம்பாலத்துச் சங்கதியைக் கேட்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவியும் மகளும் நடு மேட்டில் உருளுவதை எந்த மனிதர் தாங்குவார்? ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையோடு அம்மா ஓட்டுவது முடிந்துவிடும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. அதை வாய்விட்டு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இந்த இடத்தில்தான் செக்கிங் அக்கா வருகிறார். சங்கரன்கோவில் பக்கமிருந்து பிழைக்க வந்து எங்கள் கம்பெனியில் நான்கு வருடமாகச் செக்கிங் மேசையில் நின்றவர். தைத்து வரும் பனியன்களை டியூப் லைட்டுக்குக் கீழே விரித்து, ஓட்டையோ கறையோ இருந்தால் அந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குவது அவர் வேலை. கறையைப் பார்த்தே அதன் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார். நீளமாகக் கோடு போட்டிருந்தால் நிட்டிங் ஊசி எண்ணெய், வட்டமாகப் பரவியிருந்தால் தையல் மெஷின் சொட்டியது, ஈஷியது போல இருந்தால் யாரோ அழுக்குக் கையோடு தொட்டது. மாலையில் என்னைக் கசக்கிக்கொண்டு காரில் ஏறுகிறவர்களில் அவரும் ஒருவர் என்பதால் அவர் மேல் எனக்குப் பெரிய அபிமானம் இல்லை.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து போகும்போது அவர் யாரையும் கேட்காமல் காருக்கு அடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துவிட்டுப் போயிருக்கிறார். சனிக்கிழமை காலை அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அம்மாவிடம் வந்தார்.

"யக்கா, இந்தச் சொட்டு சுத்தமா இல்ல பாத்தீகளா? மண்ணையும் கூட்டிக்கிட்டு வந்திருக்கு. நேரா மேலருந்து விழுந்தா இப்படி இருக்காது. எங்கயோ ஒழுகி, வழிஞ்சு வந்து, இங்க சொட்டுது."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது போலத்தான். அம்மாவின் முகத்தில் ஒரு வாரமாக இல்லாத ஏதோ ஒன்று அப்போது வந்தது. மாமாவை வரச் சொன்னார்கள். குழாய்களையும் இணைப்புகளையும் மண்ணெண்ணெய் போட்டு ஒரு பிசுக்கு இல்லாமல் துடைத்தார்கள். அக்கா ஒரே வெள்ளைத் துணியிலிருந்து நான்கு பட்டை கிழித்து, பேனாவால் ஒன்று முதல் நான்கு வரை நம்பர் போட்டு, நான்கு இணைப்பிலும் ஒவ்வொன்றைக் கட்டினார். ஒன்றும் இரண்டும் கீழே கியர் பெட்டிப் பக்கம். மூன்றும் நான்கும் மேலே ரேடியேட்டர் பக்கம். எண்ணெயை நிரப்பிக்கொண்டு ஒரு சுற்று போய் வந்தால், எந்தத் துணி சிவக்கிறதோ அங்கேதான் கோளாறு. பனியன் துணி எண்ணெயைக் கண்டால் விடாது, குடித்துவிடும். ஒன்றுமே சிவக்காவிட்டால் மெக்கானிக் சொன்னதுதான் சரி, ஞாயிற்றுக்கிழமை ஆள் வரட்டும் என்று அப்பாவும் ஒப்புக்கொண்டார்.

அம்மாவும் மாமாவும் போய்விட்டு அரை மணி நேரத்தில் திரும்பினார்கள். இன்ஜின் ஆறும் வரை காத்திருந்தோம். பனியனைப் பெட்டியில் அடுக்கும் அவசரத்தில் அக்காவை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். மாமா காருக்கு அடியில் புகுந்து ஒன்றையும் இரண்டையும் அவிழ்த்தார். ரேடியேட்டர் ஓரத்து இடுக்கில் அவர் கை போகாது என்று மேலே இருந்த இரண்டையும் அவிழ்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. நான்கையும் கொண்டுபோய் அக்காவிடம் கொடு, லைட்டில் வைத்துப் பார்க்கட்டும் என்றார் அம்மா. அவர் காலிப்பரைச் சரிசெய்துகொண்டு காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நம்பர் துணி சிவப்பாக ஊறியிருந்தது.

அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கோளாறு கிடைத்துவிட்டது, கார் போகாது, புதுக் கார் வராது, நான் ஆயுசுக்கும் மூட்டைகளுக்கு நடுவில்தான். கட்டிங் அறையைக் கடந்துதான் செக்கிங்குக்குப் போக வேண்டும். அங்கே வழிநெடுகச் சாக்குச் சாக்காக வெள்ளை வேஸ்ட், வெட்டிக் கழித்த துணி. கட்டிங் மாஸ்டரின் மேசையில் பேனா. திருடனுக்கு இவ்வளவு வசதி யாரும் செய்து கொடுத்திருக்க மாட்டார்கள். சிவந்த பட்டையை ஒரு சாக்குக்குள் ஆழமாகத் திணித்தேன். இன்னொரு சாக்கிலிருந்து அதே நீளத்தில் ஒரு வெள்ளைப் பட்டையை உருவி, அதில் மூன்று என்று எழுதினேன். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன்.

அக்கா நான்கு துணிகளையும் டியூப் லைட்டுக்குக் கீழே வரிசையாக வைத்தார். அதற்குள் அம்மா, மாமா, அப்பா எல்லோரும் வந்துவிட்டார்கள். நான்கும் வெள்ளை. மாமா தலையைச் சொறிந்தார். அப்பா மெதுவாக, "அப்ப அந்த மெக்கானிக் சொன்னதுதான் சரி, விட்ரு" என்றார். அம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று தோன்றியது.

அக்கா மூன்றாம் நம்பர் துணியை மட்டும் எடுத்து விரலால் தடவினார். திருப்பினார். பிறகு அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அண்ணாச்சி, தப்பு என் மேலதான். கட்டுதப்ப துணியக் கலந்துட்டேன். வேற வெள்ளை ஒண்ணு உள்ள வந்துட்டு, இது எண்ணெ குடிக்காத துணி. இன்னொரு மட்டம் கட்டிப் பாத்துருவோம்."

அப்பாவுக்குச் சுருக்கென்றது. அவர் யாரையும் கத்திப் பேசுகிறவர் இல்லை. "செக்கிங்ல நிக்கறவங்களே வெள்ளையக் கலந்தா எப்படீங்க?" என்று மட்டும் கேட்டார். அந்த 'ங்க'வில் இருந்த சூடு எனக்கே உறைத்தது. இந்த வாரம் அவர் பார்த்து அனுப்பிய பெட்டிகளையெல்லாம் பிரித்து மறுபடி பார்க்கச் சொன்னார். அக்கா சரி என்று தலையாட்டினார்.

இரண்டாவது முறை துணி கட்டும்போது அக்காவே கட்டினார். அவிழ்க்கும்போதும் அவரே வந்து நின்றுகொண்டார். என்னை உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நான் சொம்போடு வரும்போது மூன்றாம் நம்பர் துணி எல்லோருடைய கையிலும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது, சிவப்பாக.

அப்புறம் எல்லாம் சீக்கிரம் நடந்தது. மாமா குழாயைக் கழற்றியபோது அவர் பெருமையோடு மாட்டிய டையிங் குழாய் ஊறிப்போன அப்பளம் போல உப்பித் தொளதொளவென்று இருந்தது. கொதிக்கும் தண்ணீரைத் தாங்கும் ரப்பருக்கு இந்த எண்ணெய் ஆகாது என்பதை மாமா அன்றுதான் தெரிந்துகொண்டார். இன்னொரு விஷயமும் தெரிந்தது. பழைய குழாயை அவர் கத்தியால் கீறி எடுத்தபோது உள்ளே இருந்த இரும்பு முனையிலும் ஒரு கீறல் விழுந்திருந்தது. தலைமுடி கனம்கூட இருக்காது. அந்தக் கோட்டின் வழியாகத்தான் எண்ணெய் கசிந்து, குழாயின் மேலேயே வழிந்து, கியர் பெட்டியின் அடிக்குப் போய்ச் சொட்டியிருக்கிறது. மாமா எமரித் தாளால் அந்த முனையை வழவழப்பாகும் வரை தேய்த்தார். எண்ணெய்க்கென்றே விற்கும் குழாயை வாங்கி வந்து, முனையில் இருக்கும் வளையத்தைத் தாண்டி நன்றாக உள்ளே தள்ளி, கிளிப்பை வளையத்துக்கு இந்தப் பக்கம் வைத்து, நசுக்காமல் அளவாக இறுக்கினார். ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து இன்னும் அரைத் திருகு. பல்லடத்துக்காரருக்கு அப்பாவே போன் செய்து வர வேண்டாம் என்று சொன்னார்.

அதற்குப் பிறகு அந்தக் காரை அம்மா பதினோரு வருடம் ஓட்டினார். அது மூப்படைந்து ஓய்ந்ததும் இன்னொன்று வாங்கினார், அதுவும் கிளட்ச் இல்லாதது. என்னைக் கல்லூரியில் கொண்டுபோய் விட்டதும் அவர்தான். இன்றைக்கும் ஓட்டுகிறார். அவர் பக்கத்தில் முன் சீட்டில் உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்றாம் நம்பர் துணி ஞாபகம் வரும்.

படிப்பை முடித்துவிட்டு நானும் கம்பெனிக்கு வந்தேன். தொழிலை அடியிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்று அப்பா முதலில் என்னை நிறுத்தியது செக்கிங் மேசையில். முதல் மாதம் எனக்கு எல்லா வெள்ளையும் வெள்ளையாகத்தான் தெரிந்தது. இரண்டாம் மாதம் ஒரு வெள்ளை நீலமாகவும் ஒரு வெள்ளை பாலாகவும் பிரிய ஆரம்பித்தது. ஆறு மாதத்தில், கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே இது அந்த லாட் இல்லை, வேறு தடவை வெளுத்து வந்த துணி என்று விரல் சொன்னது. அப்படி ஒரு நாள் தடவிக்கொண்டிருக்கும்போதுதான், கையில் இருந்த துணியை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். நான்கு வருடம் அந்த மேசையில் நின்ற ஒருவர் வெள்ளையைக் கலந்திருக்க முடியாது. நான் உருவிய பட்டை வேறு லாட் என்பது அவருக்கு லைட்டில் வைத்த உடனேயே தெரிந்திருக்கும். எண்ணெய்க் கையால் நான் எழுதிய மூன்றின் ஓரத்தில் ஈஷலும் இருந்திருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக் கொண்டுபோய் நான் வைத்தது அந்த ஊரிலேயே கூர்மையான கண்ணுக்கு முன்னால்.

செக்கிங்குக்கு ஒரு சூப்பர்வைசர் போட வேண்டும் என்று கார் ஒழுகிய அந்த நாட்களில் பேச்சு இருந்தது. அது அக்காவுக்குத்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். வெள்ளையைக் கலந்தவர் என்று ஆனபின் அப்பா வேறொருவரைப் போட்டார். அக்காவுக்கு அது ஒரு வருடம் கழித்துத்தான் கிடைத்தது. பிற்பாடு நான் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "போன் பண்ணிச் சொல்லு சாமி" என்றார் அவர். அக்கா அதற்குள் மகனோடு ஊருக்கே திரும்பிவிட்டிருந்தார். போனில் நான் அழுதுகொண்டே சொல்லி முடித்தேன். தனக்கு ஒன்றும் ஞாபகமில்லையே என்றார் அவர், நம்ப முடியாத அவசரத்தோடு. "அம்மா இன்னும் வண்டி ஓட்டுதாகளா?" என்று கேட்டார். ஓட்டுகிறார் என்றேன். அது போதும் என்றார். நன்றி என்ற வார்த்தையை அன்று எத்தனை தடவை சொன்னேனோ, ஒரு தடவைகூடச் சரியாக வந்த மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் அந்தச் சனிக்கிழமை மாலை நான் சொன்னது வேறு. அக்கா தனியாக நின்று பெட்டிகளைப் பிரித்து ஒவ்வொரு பனியனாக மறுபடி பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, பார்த்து முடித்ததை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் இருவருக்கும் நடுவில் போய் நின்று, பெரிய மனுஷி போல இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னேன்.

"இந்த அக்காவுக்கு வெள்ளையே பாக்கத் தெரியலீங்கம்மா."

அம்மா அதட்டுவதற்கு வாயெடுத்தார். அக்கா முந்திக்கொண்டார். "ஆமா பிள்ள, எனக்கு இன்னும் கண்ணு தெளியல" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டியை இழுத்தார். என்ன இருந்தாலும் தப்பை ஒத்துக்கொண்டாரே என்று அவரை மன்னித்துவிட்டு, நான் விளையாடப் போனேன்.